அடியில் படுத்துப் பார்த்தீர்களா?

பழைய கார் வைத்திருப்பவர்கள் வீட்டுக்குப் போனால், காபி வருவதற்கு முன்னால் கார் வந்துவிடும். கவரை விலக்கி, "கிரோமியத்தைப் பாருங்க சார், இதைப் பார்த்தே ஷேவ் பண்ணிக்கலாம்" என்பார்கள். சீட்டைத் தடவிப் பார்க்கச் சொல்வார்கள். பானெட்டைத் தூக்கி இன்ஜினைக் காட்டும்போது, பேரனுக்கு முதல் பல் முளைத்ததைக் காட்டுகிற தாத்தாவின் பெருமை முகத்தில் தெரியும். எல்லாம் சரி. இதுவரை ஒருத்தராவது, "வாங்க சார், அப்படியே தரையில படுங்க... அடியில ஒண்ணு காட்டறேன்" என்று கூப்பிட்டிருக்கிறார்களோ? எனக்குத் தெரிந்து இல்லை.

நான் பி.காம். எங்கள் பாஷையில் சொன்னால் காரின் மேல்பக்கம் பேலன்ஸ் ஷீட் மாதிரி. வழவழ காகிதத்தில் அச்சடித்துப் பங்குதாரர்களுக்கு அனுப்புவது. அடிப்பக்கம் என்பது கடைசியில் பொடி எழுத்தில் வருமே, குறிப்புகள்... அது. வில்லங்கம் பூராவும் அங்கேதான் குடியிருக்கும்.

அந்தப் பொடி எழுத்தில் ஒரே ஒரு வரியைப் பற்றித்தான் இந்தக் கட்டுரை. சைலன்சர் குழாய்க்கும் நம் காலுக்கும் நடுவே இருக்க வேண்டிய ஒரு தகடு. கம்பெனிக்காரர்கள் 'ஹீட் ஷீல்டு' என்பார்கள். மெக்கானிக்குகளுக்கு அது வெறும் 'தகரம்'. பழைய காரைப் புதுப்பிக்கும்போது முதலில் குப்பைக்குப் போவது அதுதான்; திரும்பி வராததும் அதுதான்.

கொஞ்சம் சூட்டுக் கணக்குப் பார்த்துவிடலாம். பயப்படாதீர்கள், எனக்கே புரிந்த கணக்கு.

நாம் போடுகிற பெட்ரோலின் சக்தியில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு சூடாகப் புகையோடு வெளியே போகிறது. அதாவது, நூறு ரூபாய்க்குப் போட்டால் முப்பது ரூபாயைச் சைலன்சர் வழியாக ஊதித் தள்ளுகிறோம். நெடுஞ்சாலையில் நன்றாக மிதித்து ஓட்டினால், இன்ஜினை ஒட்டிய மேனிஃபோல்டின் சூடு 500 டிகிரியைத் தாண்டிவிடும். அங்கிருந்து கீழே இறங்கி, நம் பாதத்துக்கு அடியில் ஓடும் குழாய்கூட 200, 300 டிகிரியில் இருக்கும். இட்லிப் பானைக்குள் 100 டிகிரிதான் என்பதை ஞாபகத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

குழாய் எதையும் தொடவே வேண்டாம். அடுப்பின் எதிரே நின்றால் முகம் சுடுகிற மாதிரி, சூடு கதிராகப் பாயும். ஸ்டெஃபான் என்பவர் 1879-ல் கண்டுபிடித்து, அவருடைய மாணவர் போல்ட்ஸ்மான் 1884-ல் நிரூபித்த விதி ஒன்று உண்டு. ஒரு பொருளிலிருந்து கதிராக வெளியேறும் சூடு, அதன் வெப்பநிலையின் நான்காவது மடங்காக ஏறுமாம். வெப்பநிலையைக் கெல்வின் கணக்கில் எடுக்கவேண்டும். 150 டிகிரியில் இருக்கும் குழாய் 300 டிகிரிக்குப் போனால், அது வீசும் சூடு இரண்டு மடங்கு ஆவதில்லை. மூன்று மடங்குக்கும் மேலே போய்விடுகிறது! கூட்டு வட்டி என்று பாடத்தில் படித்திருக்கிறேன். இது கந்து வட்டி.

இந்தக் கந்து வட்டிக்காரனை நடுவழியில் மறிக்கத்தான் தகடு. குழாய்க்கும் தரைக்கும் நடுவே இரண்டு பக்கமும் இடைவெளி விட்டு ஒரு பளபளப்பான அலுமினியத் தகட்டை நிறுத்தினால், புத்தகக் கணக்குப்படி கதிராக வரும் சூடு பத்தில் ஒரு பங்குக்கும் கீழே இறங்கிவிடும். சேறும் புழுதியும் அப்பி பளபளப்பு போய்விட்டதா? அப்போதும் பாதியை மறிக்கும். மொத்தத் தகடு ஒன்றைவிட, நடுவில் காற்று ஓடும்படி மெல்லிய தகடுகள் இரண்டு வைப்பது இன்னும் உத்தமம். வேலை செய்வது கனம் இல்லை. பளபளப்பும் காற்றும்தான்.

பழைய கார்களில் இதற்குப் பெரிய ஏற்பாடு இருக்காது. அந்தக் காலத்தில் குழாய்க்கும் தரைக்கும் நடுவே தாராளமாக இடம் விடுவார்கள். சூட்டைக் காற்று அடித்துக்கொண்டு போய்விடும். அவசியப்பட்ட இடத்தில் மட்டும் ஒரு தகடோ, ஆஸ்பெஸ்டாஸ் அட்டையோ வைப்பார்கள். 1995 ஏப்ரலில் டெல்லி, மும்பை, கல்கத்தா, சென்னை நான்கு நகரங்களிலும் புது பெட்ரோல் கார்களுக்கு கேட்டலிடிக் கன்வெர்ட்டர் கட்டாயம் ஆனது. புகையைச் சுத்தப்படுத்தும் அந்த டப்பா வேலை செய்வதே சில நூறு டிகிரி சூட்டில்தான். அப்படிப்பட்ட அடுப்பைக் காருக்கு அடியில் கட்டித் தொங்கவிட்டால் கவசம் இல்லாமல் முடியுமா? இன்றைக்கு எந்தப் புதுக் காரையும் லிஃப்டில் தூக்கிப் பார்த்தால், அடியில் சாக்லேட் சுற்றிய காகிதம் மாதிரி வெள்ளித் தகடுகள் மின்னும்.

இதெல்லாம் எனக்கு எதற்கு என்கிறீர்களா? காரணம், எங்கள் அப்பாவின் இடது கால்.

எங்கள் வீட்டு அம்பாசடர் 1974 மாடல், மார்க் 2. மோரிஸ் ஆக்ஸ்போர்டு பரம்பரை, 1489 சி.சி. இன்ஜின். தாத்தா வாங்கியது. அவர் போனபிறகு பதினெட்டு வருஷம் தார்ப்பாய்க்கு அடியில் எலிகளுக்கு வாடகை இல்லாத வீடாக இருந்தது. ரிடையர் ஆனதும் அப்பாவுக்கு அதை ஓடவைத்தே தீரவேண்டும் என்று ஒரு வெறி. பி.எஃப். பணத்தில் கைவைத்தார். அம்மா ஒரு வாரம் பேசவில்லை. ஊருக்கு வெளியே ஒரு ஷெட்டில் பதினோரு மாதம் கிடந்து, வெண்ணெய் வெள்ளைப் பெயின்ட்டில் கல்யாண மாப்பிள்ளை மாதிரி வீட்டுக்கு வந்தது.

முதல் சவாரி காஞ்சிபுரம். மே மாதம். நான் ஓட்டினேன். அப்பா முன் சீட்டில், இடது பக்கம். ஏறியதும் செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்தார். தாத்தாவின் காரில் அவர் ஒருநாளும் செருப்போடு உட்கார்ந்ததில்லை. பூந்தமல்லி டிராஃபிக்கையும் சேர்த்து இரண்டரை மணி நேரம். வழியெல்லாம் பழைய கதைகள். அவர் அவ்வளவு பேசி நான் கேட்டதில்லை.

கோயில் வாசலில் இறங்கினோம். அம்மாதான் பார்த்தாள்.

"என்னங்க... கால்ல என்ன அது?"

இடது பாதத்தின் ஓரத்தில் பத்து ரூபாய் நாணயத்தைவிடப் பெரிய கொப்புளம். பக்கத்தில் தோல் செக்கச் செவேல் என்று கன்றியிருந்தது. அப்பா குனிந்து, யாரோ அடுத்த வீட்டுக்காரர் காலைப் பார்ப்பதுபோலப் பார்த்தார்.

"எனக்கு ஒண்ணும் தெரியலையே!"

அதுதான் விஷயம். அவருக்குத் தெரியவில்லை. இருபத்திரண்டு வருஷமாகச் சர்க்கரை. ஆஸ்பத்திரியில் டாக்டர் அவரைக் கண்ணை மூடிக்கொள்ளச் சொல்லி, நைலான் நூல் ஒன்றால் பாதத்தில் அங்கங்கே தொட்டார். 10 கிராம் அளவுக்கு மட்டும் அழுத்தம் கொடுக்கும் நூல் அது. தொடும்போதெல்லாம் 'ம்' சொல்லவேண்டும். வலது காலில் சில இடத்தில் 'ம்' வந்தது. பிறகு இடது கால். ஒன்று, இரண்டு, மூன்று... பத்து இடத்திலும் தொட்டாயிற்று. அப்பா கண்ணைத் திறக்காமலே, "இடது காலை எப்ப ஆரம்பிக்கப் போறீங்க டாக்டர்?" என்றார்.

அம்மா முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

தோல் வெந்துபோக அடுப்பு வேண்டியதில்லை. 1947-ல் மோரிட்ஸ், ஹென்ரிக்ஸ் என்ற இரண்டு ஆராய்ச்சியாளர்கள் கணக்கெடுத்து எழுதியிருக்கிறார்கள். 60 டிகிரி என்றால் ஐந்து விநாடி போதும். 44 டிகிரிகூடப் போதும், ஆனால் ஆறு மணி நேரம் ஆகும். நமக்கெல்லாம் சுட்டால் காலை எடுத்துவிடுவோம். காலை எடுக்கச் சொல்லும் நரம்பு செத்துப்போனவருக்குச் சுமாரான சூடும், நீளமான பயணமும் சேர்ந்தால் போதும். புண் ஆற ஐந்து வாரம் ஆயிற்று. "விரலோட போகாம இருந்ததே உங்க அதிர்ஷ்டம்" என்றார் டாக்டர். "அந்தக் காரை வித்துத் தொலைங்க" என்றாள் அம்மா. அப்பா ஒன்றும் சொல்லவில்லை. கவரை எடுத்துப் போர்த்திவிட்டு வந்தார்.

அம்பாசடர் மட்டுமே பார்க்கிற ஒரு மெக்கானிக் அண்ணனிடம் காரைக் கொண்டுபோனேன். பள்ளத்தின் மேல் நிறுத்தி, "கீழ இறங்கி வா தம்பி" என்றார். இறங்கினேன். டார்ச் அடித்துக் காட்டினார்.

இந்த இன்ஜினில் மேனிஃபோல்ட் இடது பக்கம். குழாயும் அந்தப் பக்கமாகவே கீழே இறங்கும். டிரைவர் வலது பக்கம் உட்கார்ந்திருப்பதால் அவருக்குத் தெரியாது, விருந்தாளிக்குத்தான் வெக்கை. கார் செய்தவர்கள் நடுவில் நல்ல இடம் விட்டிருந்தார்கள். புதுப்பித்த ஷெட்டில், ஸ்பீட் பிரேக்கரில் தட்டக்கூடாது என்று புதுக் குழாய் வளைத்து, தரையோடு ஒட்டித் தூக்கிக் கட்டியிருந்தார்கள். நடுவில் என் சுண்டுவிரல் நுழையவில்லை. பழைய தகட்டைத் தாங்கிய போல்ட்டுகள் மட்டும் அநாதையாக நின்றன. போதாததற்கு, துரு பிடிக்காமல் இருக்க அடிப்பக்கம் முழுக்கக் கறுப்பாக அண்டர்கோட்டிங் அடித்திருந்தார்கள். கறுப்பு, சூட்டை அப்படியே குடிக்கும். குழாய்க்கு நேர் மேலே அந்தக் கோட்டிங் உருகி அப்பளம் மாதிரிப் பொரிந்திருந்தது. உள்ளே கார்ப்பெட்டுக்கு அடியில் ஒட்டியிருந்த தார் ஷீட்டும் இளகிப்போயிருந்தது. ஏறியதும் 'புதுக் கார் வாசனை' என்று நாங்கள் ரசித்தோமே, அது இதுதான்!

"காலுக்கு மட்டும் இல்ல தம்பி. சில பேர் பிரேக் குழாயையும் பெட்ரோல் குழாயையும் இதுக்குப் பக்கத்திலயே ஓட்டிடறாங்க" என்றார் அண்ணன். அது உண்மையிலேயே விபரீதம். டாட் 3 ரக பிரேக் ஆயில் புதிதாக இருக்கும்போது 205 டிகிரி வரை தாங்கவேண்டும் என்பது விதி. ஈரம் குடித்துப் பழசானால் 140. கொதித்துக் குமிழி கட்டிவிட்டால், பிரேக்கை மிதித்தால் பெடல் பஞ்சு மாதிரி தரை வரைக்கும் போகும். கார் நிற்காது.

வைத்தியத்துக்கு ஆளுக்கொரு யோசனை. சித்தப்பா, "ஆஸ்பெஸ்டாஸ் ஷீட் வெட்டி வை, அந்தக் காலத்துல அதான்" என்றார். அந்தக் காலத்தில் அதுதான், வாஸ்தவம். ஆனால் அதன் தூசி நுரையீரலுக்குள் போய் உட்கார்ந்தால் பல வருஷம் கழித்துப் புற்றுநோயாக வரும். இங்கிலாந்தில் 1999-லேயே தடை செய்துவிட்டார்கள். பழைய காரில் அந்த அட்டை இருந்தால் சுரண்டாமல், உடைக்காமல், நனைத்து எடுப்பதுதான் முறை. வயர் பிரஷ் போட்டுத் தேய்ப்பவர்களைப் பார்த்தால் எனக்கு இருமல் வருகிறது. அடுத்து, இன்னொரு நண்பர், குழாய்க்குக் கண்ணாடி நார் பட்டை சுற்றச் சொன்னார், மாவுக்கட்டு மாதிரி. ரேஸ் காருக்குச் சரி. வருஷத்தில் நாலு தடவை வெளியே போய், மழைத் தண்ணீரில் நனைந்து, மீதி நாள் உப்புக் காற்றில் நிற்கும் சென்னைக் காருக்கு அந்தப் பட்டை ஈரத்துணி. இரும்புக் குழாயை உள்ளேயே அரித்துவிடும். "மேல நாலு கோணிச் சாக்கை மடிச்சுப் போடு" என்றது எதிர்வீடு. கோணி சூட்டைக் கொஞ்ச நேரம் தாமதப்படுத்தும். பிறகு பற்றிக்கொள்ளவும் கூடும்.

அண்ணனின் வைத்தியம் வேறு. முதலில் குழாயைக் கீழே இறக்கு, பிறகு தகடு. குழாயை அறுத்து, பழைய வளைவிலேயே மறுபடி வளைத்தார். அட்டைப் பெட்டியைக் கிழித்து அடியில் பிடித்து அளவெடுத்தார். தையற்காரர் தோற்றார். மேனிஃபோல்டிலிருந்து இறங்கும் இடத்துக்கு மட்டும் மெல்லிய ஸ்டெயின்லெஸ் ஸ்டீல். ஏனென்றால் அலுமினியம் 660 டிகிரியில் உருகும். அதற்கு வெகுமுன்னாலேயே பலம் போய்த் தொங்கும். மற்ற இடத்துக்கு ஒரு மில்லிமீட்டர் அலுமினியம். ஜி.ஐ. ஷீட் மலிவுதான், நான்தான் கேட்டேன். "குழாய்க்குப் பக்கத்துல நாகப் பூச்சு நிக்காது, போய்ட்டா வெறும் இரும்பு. அப்புறம் துருதான்" என்று மறுத்துவிட்டார்.

தகட்டின் ஓரத்தை மடித்து, நடுவில் இரண்டு கோடு தட்டி எழுப்பினார். சும்மா பட்டையாக விட்டால் டமாரம் மாதிரி அதிருமாம். குழாய்க்கும் தகட்டுக்கும் ஓர் அங்குலம். தகட்டுக்கும் தரைக்கும் அரை அங்குலம். ரப்பர் மவுன்டிங்கில் உட்கார்ந்திருக்கும் இன்ஜின் ஸ்டார்ட் ஆகும்போது ஓர் ஆட்டம் போடும். அதோடு குழாயும் ஆடும். அந்த ஆட்டத்துக்கும் இடம் விடவேண்டும். முன்னும் பின்னும் திறந்தே இருக்கவேண்டும். அடைத்துவிட்டால் அது தகடு இல்லை, சூட்டுப்பெட்டி.

போல்ட் வழியாகவும் சூடு ஏறும் என்பதால் ஒவ்வொன்றுக்கும் நடுவே ஒரு ஸ்பேசர். அலுமினியமும் இரும்பும் ஈரத்தில் ஒட்டி உட்கார்ந்தால் ஒன்றை ஒன்று தின்னும். அதற்கும் அதுவே மருந்து. தரையில் ஒரு துளைகூடப் போடக்கூடாது என்று நான் கண்டிப்பாகச் சொல்லியிருந்தேன். பழைய தகட்டின் போல்ட், சைலன்சர் தொங்கும் கிளாம்ப், சீட் போல்ட் என்று இருக்கிற துளைகளிலேயே சமாளித்தார்.

துளைக்கு ஏன் அவ்வளவு கண்டிப்பு என்றால், 2021-ல் வந்த மத்திய அரசு விதி. 50 வருஷம் தாண்டிய வண்டியை 'வின்டேஜ்' என்று பதிவு செய்துகொள்ளலாம், கட்டணம் 20,000 ரூபாய், நம்பரில் வி.ஏ. என்ற எழுத்துகள் வரும். ஆனால் சேசிஸிலோ பாடியிலோ இன்ஜினிலோ மாற்றம் செய்திருக்கக்கூடாது. கழற்றினால் சுவடு தெரியாத தகட்டில் எனக்கு வம்பில்லை. துளை போட்டு வெல்டிங் வைத்தால் யாருக்கு விளக்கம் சொல்லிக்கொண்டிருப்பது?

பரீட்சைக்கு ஒரு சூடு பார்க்கும் துப்பாக்கி வாங்கினேன். கொரோனா காலத்தில் நெற்றியில் நீட்டினார்களே, அந்தக் காய்ச்சல் துப்பாக்கி உதவாது. தொழிற்சாலை ரகம் வேண்டும். அதிலும் ஒரு சூட்சுமம். பளபளப்பான தகட்டின் மேல் நீட்டினால், கொதிக்கிற தகட்டையும் 'குளு குளு' என்று பொய் சொல்லும். கறுப்பு டேப் ஒட்டி அதன்மேல் பார்க்கவேண்டும். வேலைக்கு முன்னால் காலி சீட்டோடு ஒருமுறை காஞ்சிபுரம் பக்கம் போய்வந்தபோது கார்ப்பெட்டில் 54 டிகிரி. வேலைக்குப் பிறகு, அதே தூரம், அதே வெயிலில் 40. வெளியே 37!

மொத்தச் செலவு 6,850 ரூபாய். பெயின்ட்டுக்கு மட்டும் எவ்வளவு ஆயிற்று என்று எழுதினால் அம்மா படித்துவிடுவாள்.

தகடு போட்டுவிட்டோம் என்று மறந்துவிடவும் முடியாது. குட்டிக் கல் ஒன்று மேலே போய் உட்கார்ந்தால் உண்டியல் குலுக்குகிற மாதிரி சத்தம். ஸ்பேசர் தளர்ந்தால் 'கிர்ர்ர்'. இந்தச் சத்தம் தாங்காமல் தகட்டைப் பிடுங்கி எறிகிறவர்கள்தான் ஜாஸ்தி. ஒரு ஹோஸ் கிளிப்பைச் சுற்றி இறுக்கினால் போகிற வியாதி. கிராமத்துப் பக்கம் ரோட்டில் கொள்ளும் உளுந்தும் அடிக்கப் போட்டிருப்பார்கள்; காய்ந்த செடி அடியில் சுற்றிக்கொண்டு குழாயில் பட்டால் கார் தீப்பிடிக்கும். தகடு இருந்தாலும் அதன் இடுக்கில் செருகிக்கொள்ளும். தாண்டியதும் ஓரங்கட்டி, குனிந்து இழுத்துப்போட வேண்டியதுதான்.

சென்ற மார்கழியில் ஒரு பழைய கார் கண்காட்சிக்குப் போயிருந்தோம். ஒரு பெரியவர் வந்தார். நிஜமாகவே தரையில் கைக்குட்டை விரித்துப் படுத்து அடியில் பார்த்தார். எனக்குப் புல்லரித்துவிட்டது. எழுந்து சட்டையைத் தட்டிக்கொண்டு, "அந்த அலுமினியத் தகடு ஒரிஜினல் இல்லையே சார்" என்றார்.

"வாஸ்தவம்தான் சார்" என்றார் அப்பா. "கால் ஒரிஜினல்."

அப்பா இப்போது காரில் கான்வாஸ் ஷூவும் சாக்ஸும் போட்டுத்தான் உட்காருகிறார். அம்மா அதையும் நம்புவதில்லை. ஸ்ரீபெரும்புதூர் தாண்டியதும் பின் சீட்டிலிருந்து, "வண்டியை நிறுத்துடா" என்பாள். இறங்கி வந்து முன் கதவைத் திறந்து, கார்ப்பெட்டின்மேல் உள்ளங்கையை வைத்துப் பார்ப்பாள். பிறகு அப்பாவின் ஷூவைக் கழற்றி, பாதத்தைத் திருப்பிப் பார்ப்பாள். ரோட்டில் போகிறவர்கள் வேடிக்கை பார்ப்பார்கள். அப்பா எனக்கு எதிர்ப்பக்கம் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார். போன தடவை தகட்டின் பின் மூலையில் ஒரு கிளிப் தளர்ந்து சத்தம் வந்தது. மழைக்கு முன்னால் மாற்றவேண்டும் என்று அண்ணனிடம் சொல்லி வைத்திருக்கிறேன்.